டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சுக்கோப்பு மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாடெக் போன்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அழகாகக் கோத்த பக்கத்தை, ஊசிகளால் ரிப்பனைக் குத்தி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பினால் வெள்ளைக் கோடுகளும் குப்பை எழுத்துகளும் வருவது பலரும் பார்த்த காட்சிதான். கார்பன் பிரதி வேண்டும், தொடர்தாளில் அடிக்க வேண்டும் என்பதால் இந்த இயந்திரத்தை விட முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

கட்டளைகளை எல்லாம் பைட் எண்களாக, சாதாரணப் பத்தடிமான முறையில் எழுதியிருக்கிறேன். 27 என்று வந்தால் அது எஸ்கேப், அடுத்து வருவது கட்டளை என்று பிரிண்டருக்குச் சொல்லும் குறி. எல்லாமே எப்சன் கட்டளை முறையைச் சேர்ந்தவை. மற்ற நிறுவனங்களின் பிரிண்டர்களிலும் பெரும்பாலும் எப்சன் முறைக்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சோ மெனுவோ இருக்கும். முதலில் அதைப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

திரையில் ஒழுங்காக இருக்கும் பக்கம் தாளில் மட்டும் ஏன் கெடுகிறது?

இந்த பிரிண்டர் இரண்டு விதமாக அச்சடிக்கும். எழுத்து முறையில் 65 என்ற எண்ணை அனுப்பினால், தன் நினைவகத்தில் இருக்கும் ஆங்கில ‘ஏ’ எழுத்தை எடுத்து அடிக்கும். வரைகலை முறையில் எந்த ஊசி எப்போது தாளைக் குத்த வேண்டும் என்று நாமே பைட் பைட்டாகச் சொல்ல வேண்டும். அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு முதல் வழி உதவாது. அது தேர்ந்தெடுத்த எழுத்துரு பிரிண்டருக்குள் கிடையாது. ஆக முழுப் பக்கமும் ஒரு படமாகத்தான் போகிறது.

லாடெக்குக்கு அடிப்படையான, டொனால்ட் நூத் 1978இல் முதன்முதலாக வெளியிட்ட டெக் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலத்தை 72.27 பாயின்டாகவும், ஒரு பாயின்டை 65,536 துண்டாகவும் பிரித்துக் கணக்குப் போடும். அதன் டி.வி.ஐ. கோப்பில் எந்த எழுத்து எங்கே என்பது மட்டும்தான் இருக்கும். ஊசி, ரிப்பன், தாள் எதுவும் அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு நிரல் அதைப் புள்ளிகளாக்குகிறது. அப்புறம் அந்தப் புள்ளிகள் கேபிள் வழியே பிரிண்டருக்குப் போகின்றன.

கோப்பது, புள்ளியாக்குவது, அனுப்புவது என மூன்று கட்டம். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் இருக்கும். ஆனால் ஆட்கள் ஆவணத்தைத் திறந்து ஓரத்தையும் எழுத்துருவையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து எடுத்தவுடன் ஆவணத்தைத் தொடாதீர்கள்.

என்னுடையது 9 ஊசியா 24 ஊசியா? அது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். 9 ஊசி இயந்திரத்தில் ஊசிகள் 1/72 அங்குல இடைவெளியில் நிற்கின்றன. வரைகலைக்கு அவற்றில் 8 மட்டும் பயன்படும். தாளை 1/216 அங்குலம் வரை நுணுக்கமாக நகர்த்தலாம். 1980இல் வந்த எப்சன் எம்.எக்ஸ்.80, அதன்பின் வந்த எஃப்.எக்ஸ். வரிசை எல்லாம் இந்த வகை. 24 ஊசி இயந்திரத்தில் இடைவெளி 1/180 அங்குலம். 1984இல் வந்த எல்.க்யூ.1500, பின்வந்த எல்.க்யூ. பெயர் கொண்டவை இந்த வகை. மாடல் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எழுத்து முறையில் ஒரு வரி அடித்து உருப்பெருக்கியில் பார்த்தாலும் தெரியும்: தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தால் 9 ஊசி.

எத்தனை டி.பி.ஐ. (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கொடுக்க வேண்டும்?

ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். பிரிண்டர் குத்தக்கூடிய கட்டம் எதுவோ அதே கட்டத்தில் பக்கத்தை வரைய வேண்டும். அதைவிடக் கூடுதலாக வரைந்து பின்னால் சுருக்கக் கூடாது.

ஒரு எழுத்தின் நெடுங்கோட்டைப் பாருங்கள். பி.டி.எஃப். காட்டும் நிரல் பக்கத்தை 300 டி.பி.ஐ. படமாக்கி டிரைவரிடம் (பிரிண்டருக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றும் நிரலிடம்) தருகிறது, டிரைவர் அதை 180க்குச் சுருக்குகிறது என்று வையுங்கள். ஐந்து புள்ளிக்கு மூன்று. இரண்டு புள்ளி அகலமிருந்த நெடுங்கோடு, அது விழும் இடத்தைப் பொறுத்து ஓரிடத்தில் ஒரு புள்ளியாகவும் இன்னோரிடத்தில் இரண்டாகவும் ஆகும். ஒரே சொல்லில் ஒரே எழுத்து ஒருமுறை மெலிந்தும் ஒருமுறை தடித்தும் வரும். லேசரில் இப்படி ஒரு புள்ளி கூடிக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. இங்கே ஒரு புள்ளி என்பதே எழுத்தின் பாதித் தடிமன்.

9 ஊசிக்கு 240×216 கொடுங்கள். முதல் எண் குறுக்கே, இரண்டாவது நெடுக்கே. அவசரத்துக்கு 120×72 அல்லது 240×72 போதும். 24 ஊசிக்கு 180×180. இயந்திரம் தாங்கினால் 360×180 அல்லது 360×360.

இரண்டு எண்களும் வேறுவேறாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டி.வி.ஐ. கோப்பை அச்சுக்கான வடிவத்துக்கு மாற்றும் டி.வி.ஐ.பி.எஸ். நிரலுக்கு எக்ஸ், ஒய் என இரண்டு தெரிவுகள் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். பக்கத்தைப் புள்ளியாக்கும் நிரலான கோஸ்ட்ஸ்கிரிப்டில் ஆர் தெரிவுக்கு 240×72 என்பது போல இரண்டு எண்ணும் கொடுக்கலாம், நடுவில் பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கிலச் சின்ன எக்ஸ் தட்ட வேண்டும். அதிலேயே எப்சன் என்ற பெயரில் ஒரு டிவைஸ் (குறிப்பிட்ட பிரிண்டருக்கான வெளியீட்டு வகை), எப்ஸ்9ஹை என்ற பெயரில் 240×216 தரும் டிவைஸ், எல்க்யூ850 என்ற பெயரில் 360×360 தரும் டிவைஸ் உண்டு. பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் கொடுங்கள். லினக்ஸ், மேக் கணினிகளின் அச்சு அமைப்பான கப்ஸ் வழியாக அடிப்பவர்களுக்கு எப்சன் 9 ஊசி, 24 ஊசி வரிசைகளுக்கான டிரைவர்கள் அதனுடனேயே வருகின்றன. பழைய டாஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு எம்டெக் தொகுப்பின் டி.வி.ஐ.டாட் நிரலைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது அது.

72க்கு ஒன்றாக நிற்கும் ஊசிகள் 216 எப்படித் தரும்?

ஒரே பட்டையை (ஊசித் தலை ஒருமுறை குறுக்கே ஓடும்போது எட்டும் உயரத்தை) மூன்று முறை அடிக்கும். முதல் ஓட்டத்தில் 1, 4, 7 என்று போகும் வரிசைகள். தாள் 1/216 அங்குலம் நகரும். அடுத்து 2, 5, 8. மறுபடி 1/216. பிறகு 3, 6, 9. கடைசியில் 22/216 நகர்ந்தால் அடுத்த பட்டையின் தொடக்கத்துக்கு வந்துவிடும்.

குறுக்கே 240 புள்ளிக்கும் ஒரு சங்கடம் உண்டு. குத்திய ஊசி திரும்பி வந்து மறுபடி குத்த நேரம் வேண்டும். அதனால் அந்த அடர்த்தியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரே ஓட்டத்தில் அடிக்க பிரிண்டரால் முடியாது, இரண்டாவதை விட்டுவிடும். நல்ல டிரைவர் ஒற்றை நெடுவரிசைகளை ஒரு ஓட்டத்திலும் இரட்டையை அடுத்த ஓட்டத்திலும் அனுப்பும். குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, ஆக ஒரு பட்டைக்கு ஆறு ஓட்டம். சத்தம் கேட்டு ஏதோ கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

வரிக்கு வரி வெள்ளைக் கோடு விழுகிறது. ரிப்பனா?

ரிப்பன் இல்லை. கோட்டின் தடிமனைப் பாருங்கள்.

நான்கு புள்ளி உயரத்துக்குப் பட்டையாக வெள்ளை விழுந்தால், வரி இடைவெளி மாறவில்லை. எட்டு ஊசி ஒரு ஓட்டத்தில் 8/72 அங்குலம் நிரப்பும். அதாவது 24/216. பிரிண்டர் வழக்கமாக வரிக்கு 1/6 அங்குலம் நகரும். அது 36/216. மிச்சம் 12/216 வெறுமையாக நிற்கிறது. 27 51 24 என்ற கட்டளை போனால் சரியாகிவிடும். டிரைவர் அதை அனுப்புகிறதா, நடுவில் ஏதாவது தின்றுவிடுகிறதா என்று பாருங்கள்.

பட்டைக்கு ஒரே ஒரு புள்ளி வரிசை மட்டும் காணவில்லை என்றால் கேபிள் வழியில் சந்தேகப்படுங்கள். மேல் ஊசிக்கு உரிய பிட்டின் மதிப்பு 128. சீரியல் இணைப்பு 7 பிட்டில் வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பிட் வழியிலேயே கழன்று விழும், மேல் ஊசி ஒருபோதும் குத்தாது. 8 பிட்டுக்கு மாற்றுங்கள். பிரிண்டரே தன் சோதனைப் பக்கத்தை அடிக்கும்போதும் அந்த வரிசை காணாமல் போனால் மட்டும் ஊசி உடைந்திருக்கிறது என்று முடிவுகட்டலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எழுத்துகள் உயரமாக இழுபட்டிருக்கின்றன.

24 ஊசி இயந்திரத்துக்கு 9 ஊசி டிரைவரைக் கொடுத்திருக்கிறீர்கள். 24 ஊசி இயந்திரம் பழைய 8 புள்ளி வரைகலையையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் நெடுக்கே அங்குலத்துக்கு 72 அல்ல, 60 புள்ளியாக அடிக்கும். அதே சமயம் மேலே சொன்ன 24 என்ற எண்ணை 216இல் ஒரு பங்காகப் பார்க்காமல் 180இல் ஒரு பங்காகப் பார்க்கும். 24/180 என்றால் 8/60. பட்டைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திவிடும். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. வெள்ளைக் கோடு இல்லை, குப்பை இல்லை, பக்கம் மட்டும் 1.2 மடங்கு நீளும். 11 அங்குலப் பக்கம் 13.2 அங்குலமாகும். ஆவணத்தில் ஒரு வட்டம் வரைந்து அடித்துப் பாருங்கள். முட்டையாக வந்தால் டிரைவரை மாற்றுங்கள்.

பக்கத்தின் நடுவில் திடீரென்று அர்த்தமில்லாத எழுத்துகள் கொட்டுகின்றன. ஏன்?

பிரிண்டர் எண்ணிக்கையில் தவறிவிட்டது. எங்கே தவறியது என்று புரிந்துகொள்ள அது எப்படி எண்ணுகிறது என்று பார்த்துவிடலாம்.

240 அடர்த்தியில் 8 அங்குல வரி ஒன்றுக்கு 1920 நெடுவரிசை. இதை பிரிண்டரிடம் சொல்ல 27 90 என்று தொடங்கி இரண்டு எண்கள் அனுப்ப வேண்டும். இரண்டாவதை 256ஆல் பெருக்கி முதலாவதைக் கூட்டிக்கொள்ளும். 1920 என்பது 7×256 + 128. ஆகவே 27 90 128 7 என்று போகும். அடுத்து வரும் 1920 பைட்டையும் பிரிண்டர் கேள்வி கேட்காமல் ஊசிக் குத்தாக எடுத்துக்கொள்ளும். 1921ஆவது பைட் மறுபடி சாதாரண எழுத்து.

இப்போது வழியில் ஒரே ஒரு பைட் கூடினால் கடைசி பைட் வெளியே தள்ளப்பட்டு எழுத்தாக அச்சாகும். ஒன்று குறைந்தால் அடுத்த கட்டளையின் 27ஐ பிரிண்டர் புள்ளியாக விழுங்கிவிடும், அப்புறம் அடுத்த வரி முழுவதும் குப்பை. மேலே சொன்ன 7 பிட் கோளாறையே பாருங்கள்: 128 என்பது 0 ஆகிவிடும். பிரிண்டர் 1792 பைட்டோடு எண்ணிக்கையை முடித்துக்கொண்டு மீதி 128ஐ எழுத்தாகக் கொட்டும்.

பைட்டைக் கூட்டுவது யார்? ‘உதவி’ செய்யும் நிரல்கள்தான். 10 என்ற பைட்டைப் பார்த்ததும் புது வரி என்று நினைத்து முன்னால் ஒரு 13 சேர்ப்பவை உண்டு. 9ஐப் பார்த்ததும் டேப் என்று நினைத்து வெற்றிடங்களாக விரிப்பவை உண்டு. எழுத்துக் கோப்புக்கு இது நல்லது. ஆனால் வரைகலையில் 10 என்பது மேலிருந்து 5ஆவது, 7ஆவது ஊசிகள் குத்த வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

எனவே புள்ளியாக்கிய கோப்பை எந்தக் கையும் படாமல் அனுப்ப வேண்டும். கப்ஸில் எல்.பி. கட்டளைக்கு ஓ தெரிவில் ‘ரா’ என்று கொடுங்கள். விண்டோஸில் எழுத்துக்கு மட்டுமான பொது டிரைவரை இந்தக் கோப்புக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அச்சு ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

இதில் நான் மூன்று நாள் செலவழித்திருக்கிறேன். 40 பக்க அட்டவணை. 31ஆம் பக்கம் மட்டும் பாதியில் நின்றது. ரிப்பன் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், வேறு கணினியிலிருந்து அனுப்பினேன். அதே பக்கம், அதே வரி. அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தின் வளைவு விழுந்த இடத்தில் மேலிருந்து 4, 5, 7ஆம் ஊசிகள் சேர்ந்து குத்த வேண்டியிருந்தது. 16 + 8 + 2 = 26. டாஸில் எழுத்துக் கோப்பின் முடிவைக் குறிக்கும் எண் 26. கோப்பு முடிந்தது என்று காப்பி கட்டளை அங்கேயே நிறுத்திவிட்டது.

தீர்வு ஒரே சொடுக்கு: காப்பி கட்டளையோடு சாய்கோடும் ஆங்கில பி எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். அப்போது கோப்பின் நீளத்தைப் பார்த்துத்தான் நிறுத்தும், 26ஐ மதிக்காது. இன்றைய விண்டோஸ் கட்டளைத் திரையிலும் அப்படியே சேர்த்துவிடுவது நல்ல பழக்கம்.

முதல் பக்கம் சரி. பத்தாவது பக்கம் வரும்போது எழுத்து கிழிக்கும் மடிப்பின் மேல் ஏறிவிடுகிறது.

தொடர்தாளின் நீளமும் மென்பொருள் நினைக்கும் நீளமும் வேறு. ஏ4 தாள் 297 மி.மீ.; 12 அங்குலத் தொடர்தாள் 304.8 மி.மீ. பக்கத்துக்கு 7.8 மி.மீ. வித்தியாசம். பத்துப் பக்கத்தில் 78 மி.மீ. மேலே ஏறிவிடும்.

இதற்கு மூன்று இடத்தில் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஆவணத்தில்: லாடெக்கின் ஜியோமெட்ரி தொகுப்பில் தாள் உயரம் 12 அங்குலம். புள்ளியாக்கும் நிரலில்: ஏ4 என்று விடாமல் அதே 12 அங்குலம். பிரிண்டரில்: டிப் சுவிட்ச் (பிரிண்டரில் உள்ள சின்ன அமைப்புச் சுவிட்ச்) வழியாகவோ 27 67 0 12 என்ற கட்டளையாலோ அதே அளவு. 11 அங்குலத் தாள் என்றால் கடைசி எண்ணை 11 ஆக்குங்கள்.

கட்டளையால் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல டிரைவர்கள் தொடக்கத்தில் 27 64 அனுப்புகின்றன. அது பிரிண்டரைத் துடைத்துவிட்டு சுவிட்சில் உள்ள நிலைக்குக் கொண்டுபோகும். நீங்கள் முன்னால் சொன்ன 12 அங்குலம் அதோடு போய்விடும். அதனால் நீளத்தை சுவிட்சிலேயே வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பக்கம் முடிந்ததும் டிரைவர் தாளைத் தள்ளும் விதத்தையும் பாருங்கள். சில டிரைவர்கள் மீதமுள்ள வெற்றிடத்தைச் சின்னச் சின்ன நகர்வாக எண்ணித் தள்ளும். ஒவ்வொரு பக்கத்திலும் துளி பிசகினாலும் சேர்ந்துகொண்டே போகும். பக்க முடிவில் 12 என்ற பைட்டை அனுப்பும் டிரைவர் நல்லது. எங்கே நின்றாலும் பிரிண்டரே அடுத்த தாளின் உச்சிக்குப் போய்விடும். முதல் தாளின் மடிப்பை ஊசித் தலைக்கு நேராக நிறுத்திவிட்டு மின்சாரத்தைப் போடுங்கள். பிரிண்டர் அந்த இடத்தைத்தான் உச்சி என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் கைப்பிடியைத் திருகித் தாளை நகர்த்தினால் அது பிரிண்டருக்குத் தெரியாது.

படத்தின் குறுக்கே ஒரு அங்குலம் வெறுமையாகத் தாண்டிப்போகிறது என்றால், மடிப்பைத் தாண்டும் வசதி போடப்பட்டிருக்கிறது. எழுத்து அடிப்பவர்களுக்காக வைத்தது. 27 79 அதை நிறுத்தும், அல்லது சுவிட்சை அணையுங்கள்.

ஒவ்வொரு எழுத்தும் சிதறி, கீழே கீழே மூன்று துண்டாக விழுகிறது.

தானாக வரி தள்ளும் சுவிட்ச் போட்டிருக்கிறது. டிரைவர் அதே வரியில் மறுபடி அடிக்க 13 அனுப்பித் தலையை இடதுபக்கம் கொண்டுவருகிறது. சுவிட்ச் ஒவ்வொரு 13க்கும் தாளையும் தள்ளிவிடுகிறது. அணைத்துவிடுங்கள். முன்பு ஏதோ பழைய நிரலுக்காக யாரோ போட்டிருப்பார்கள்.

இடப்பக்கம் நிறைய இடம் விட்டு அடிக்கிறது, வலப்பக்கம் வெட்டுப்படுகிறது.

டெக் தாளின் இடது மேல் மூலையிலிருந்து ஒரு அங்குலம் தள்ளித்தான் தன் தொடக்கப் புள்ளியை வைத்துக்கொள்கிறது. பிரிண்டரின் முதல் புள்ளியோ தாளின் விளிம்பில் இல்லை. தாளின் ஓரத் துளைகளைப் பிடித்து இழுக்கும் டிராக்டரை எங்கே பூட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. 80 நெடுவரிசை இயந்திரம் 8 அங்குலத்துக்கு மேல் அடிக்காது. அதைத் தாண்டிய புள்ளிகளைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். 136 நெடுவரிசை இயந்திரத்துக்கு 13.6 அங்குலம்.

தொடக்கப் புள்ளியில் ஒரு சிலுவைக் குறி போட்டு அடித்து, ஸ்கேலால் அளந்து, வித்தியாசத்தை டி.வி.ஐ.பி.எஸ்.ஸின் ஓ தெரிவில் கொடுங்கள். ஆவணத்தின் ஓரத்தை மாற்றிச் சமாளிக்க வேண்டாம். நாளைக்கு அதே ஆவணத்தை லேசரில் அடிக்கும்போது கோணிக்கொண்டு நிற்கும்.

அட்டவணையின் நெடுங்கோடுகள் பல்லுப் பல்லாக ஆடுகின்றன.

தலை இடமிருந்து வலம் போகும்போதும் அடிக்கிறது, திரும்பும்போதும் அடிக்கிறது. இரண்டும் ஒரு முடி அளவு விலகியிருந்தால் நெடுங்கோடு ரம்பம் போலாகும். 27 85 1 அனுப்பினால் ஒரே திசையில் மட்டும் அடிக்கும். நேரம் கூடும், கோடு நேராகும். அட்டவணை இருக்கும் எந்த ஆவணத்துக்கும் இதைப் போட்டுவிடுவேன். இருதிசை ஒழுங்கைச் சரிசெய்யும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதையும் ஒருமுறை செய்துவைக்கலாம்.

எழுத்துகளின் ஓரம் பொரிப்பொரியாக, மணல் தூவியது போல இருக்கிறது.

ஊசிக்குச் சாம்பல் நிறம் தெரியாது. குத்தும், அல்லது குத்தாது. எழுத்துக்கு அடர்சாம்பல் கொடுத்திருந்தால் புள்ளியாக்கும் நிரல் அதைப் புள்ளித் தூவலாக மாற்றும். எல்லா எழுத்தையும் முழுக் கறுப்பாக்குங்கள். ஓரத்தை மென்மையாக்கும் வசதி எங்கே இருந்தாலும் அணையுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்டில் எழுத்து ஆல்ஃபா பிட் தெரிவைக் கொடுக்கவே வேண்டாம். தலைப்புகளுக்குப் பின்னால் போடும் வெளிர்ச் சாம்பல் பட்டை லேசரில் அழகு. இங்கே எழுத்தைப் படிக்கவிடாமல் செய்யும். நான் அதை எடுத்துவிட்டு மேலும் கீழும் ஒரு கோடு போடுகிறேன்.

எந்த எழுத்துரு நன்றாக வரும்?

ஒரே தடிமனுள்ள கோடுகளால் ஆன எழுத்துரு. 9 ஊசியின் ஒரு குத்து ஏறத்தாழ 0.3 மி.மீ. விட்டம், 24 ஊசியில் 0.2 மி.மீ. 240 டி.பி.ஐ. கட்டத்தில் புள்ளிக்குப் புள்ளி தூரமோ 0.106 மி.மீ.தான். ஆக ஒவ்வொரு குத்தும் பக்கத்துப் புள்ளியின் இடத்தையும் சேர்த்து அடைக்கும். மெல்லிய கோடு தடிக்கும், சின்ன ஓட்டை அடைபடும். 10 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள். தடித்த எழுத்தைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள்.

டெக் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. டெக்குக்குத் துணையான மெட்டாஃபான்ட் என்ற நிரல், எழுத்துருவைக் குறிப்பிட்ட இயந்திரத்தின் கட்டத்துக்கென்றே தனியாக வெட்டித் தரும். பல இயந்திரங்களின் அளவுகளைக் கார்ல் பெர்ரி தொகுத்த மோட்ஸ் கோப்பில் எப்சன் 9 ஊசிக்கு 240×216 கணக்கில் ஒரு நிலை எழுதிவைத்திருக்கிறார்கள். 24 ஊசிக்கும் உண்டு. நெடுக்கும் குறுக்கும் வேறான அடர்த்தி என்பது அதில் ஏற்கெனவே கணக்கில் வந்துவிடும். இன்றைய நிறுவல்கள் கேட்காமலே வெளிக்கோட்டு எழுத்துருவை எடுத்துக்கொள்வதால், பிட்மேப் (புள்ளிகளாக வெட்டிய) எழுத்துருதான் வேண்டும் என்று டி.வி.ஐ.பி.எஸ்.ஸிடம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெடுங்கோடுகள் எல்லாம் ஒரே அகலத்தில் நிற்பது தெரியும்.

தமிழ் அச்சிட முடியுமா?

முடியும். வரைகலை முறையில் போகும்போது பிரிண்டருக்கு மொழி ஒரு பொருட்டே இல்லை. டெக்கின் பிற்கால வடிவங்களான ஸீடெக் அல்லது லுவாடெக்கில் யூனிகோட் தமிழைக் கோத்து, பி.டி.எஃப். ஆக்கி, கோஸ்ட்ஸ்கிரிப்டில் புள்ளியாக்கி அனுப்புங்கள்.

தமிழுக்குப் பதில் கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோண அடைப்புமாக மாறி மாறி வந்தால், படமாகப் போக வேண்டியது எழுத்தாகவே போய்விட்டது என்று பொருள். யூ.டி.எஃப்.8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய கணினிக் குறிப்பட்டியல் 437இல் 224 ஆல்ஃபா, மற்ற இரண்டும் கோண அடைப்புகள். பிரிண்டர் சாய்வெழுத்துப் பட்டியலில் இருந்தால் சாய்ந்த முற்றுப்புள்ளியும் சாய்கோடுமாக வரும். இதைப் பார்த்தவுடனே எழுத்துருவை மாற்றப் போகாதீர்கள், டிரைவரைப் பாருங்கள்.

சரி, படமாகப் போயிற்று. அடுத்தது படிக்க முடிகிறதா என்பது. 12 பாயின்ட் எழுத்துக்கு 72 கட்டத்தில் கிடைப்பது மொத்தம் 12 வரிசை. அதற்குள் கீழே ‘மு’வின் வளைவும் மேலே ‘கீ’யின் சுழியும் அடங்க வேண்டும். அடங்காது. ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் ஒரே கறுப்புத் திட்டாகும். ‘ர’வின் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோடு கரைந்து துணைக்காலாகிவிடும், அப்போது ‘காரம்’ என்ற சொல்லில் இரண்டு துணைக்கால் நிற்கும். ஆக தமிழுக்கு 72 கட்டம் உதவாது. 9 ஊசியில் 216 அடியுங்கள். அதே எழுத்துக்கு 36 வரிசை கிடைக்கும். 24 ஊசியில் 30 வரிசை என்றாலும் குத்து சின்னதாக இருப்பதால் எனக்கு அதுதான் தெளிவாகத் தெரிகிறது.

புள்ளிதான் கடைசிச் சோதனை. 10 பாயின்டில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு குத்தின் விட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘க்’ என்பது தலையில் முண்டு வைத்த ‘க’ ஆகும். புள்ளி தள்ளி நிற்கும் எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். அளவை 13, 14 பாயின்டுக்கு ஏற்றுங்கள். வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள், மேல் வரியின் ‘கு’ கீழ் வரியின் ‘கி’யைத் தொடாமல் இருக்க. பக்கம் கூடத்தான் செய்யும். படிக்கிறவர் ‘கண்’ என்பதையும் ‘கன்’ என்பதையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எனக்குத் தாளைவிட முக்கியம்.

முன்பலகையில் என்.எல்.க்யூ. (கடிதத் தரத்துக்கு நெருங்கிய அச்சு) பொத்தானை அழுத்தினால் தரம் கூடுமா?

கூடாது. அது பிரிண்டரின் சொந்த எழுத்துகளுக்கு மட்டும்.

ஒரு பக்கத்துக்கு ஏன் இத்தனை நேரம்?

8×11 அங்குலப் பரப்பை 240×216இல் வரைந்தால் 5,70,240 பைட். 9600 வேகச் சீரியல் இணைப்பில் நொடிக்குச் சுமார் 960 பைட் போகும். அனுப்பவே பத்து நிமிடம். பேரலல் அல்லது யூ.எஸ்.பி.க்கு மாறினால் கம்பியில் காத்திருப்பது போய்விடும், ஆனால் ஆறு ஓட்டம் ஓடத்தான் வேண்டும். சரிபார்க்க 120×72, கடைசிப் பிரதிக்கு மட்டும் 240×216 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறைந்த படங்கள் வேண்டாம். தலை சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ரிப்பனும் சீக்கிரம் தேயும்.

கார்பன் பிரதிக்கு அடிக்கும்போது தாளின் தடிமனுக்கு ஏற்ப நெம்புகோலை நகர்த்த மறக்காதீர்கள். இறுக்கமாக இருந்தால் தாள் இழுபட்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதைப் பார்த்து டிரைவரைத் திட்டியவர்கள் உண்டு.

எப்போது இந்த வழியே வேண்டாம்?

ரசீது, பட்டியல், முன்பே அச்சிட்ட படிவத்தில் எண் நிரப்புவது, அதுவும் ஆங்கிலத்தில் என்றால், எழுத்து முறையே போதும். பக்கம் நொடிகளில் முடியும். 27 80 கொடுத்தால் அங்குலத்துக்கு 10 எழுத்து, 27 77 கொடுத்தால் 12. சமன்பாடு, தமிழ், சீரான பத்திகள் வேண்டும் என்றால்தான் வரைகலை.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை. கேபிளில் என்ன போகிறது என்று எப்படிப் பார்ப்பது?

பிரிண்டரையே காட்டச் சொல்லலாம். எப்சன் இயந்திரங்கள் பலவற்றில் வரி தள்ளும் பொத்தானையும் பக்கம் தள்ளும் பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால் ஹெக்ஸ் டம்ப் நிலைக்குப் போகும். அப்புறம் வரும் பைட் எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் பதினாறடிமான எண்ணாக அச்சிடும்.

முழு ஆவணத்தை அனுப்பாதீர்கள். கட்டுத் தாள் போய்விடும். ஒரே ஒரு கிடைக்கோடு உள்ள பக்கம் போதும். 27 என்பது 1பி என்றும், 64 என்பது 40 என்றும் வரும். தொடக்கத்தில் 1பி 40 இருக்கிறதா? வரி இடைவெளிக் கட்டளை 1பி 33 18 இருக்கிறதா? தரவு நடுவில் 0ஏ வரும் ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் முன்னால் 0டி ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் யாரோ புது வரி சேர்க்கிறார்கள். 80க்கு மேற்பட்ட எண்ணே எங்கும் இல்லையா? மேல் பிட் கழன்றுவிட்டது. அந்தத் தாளில் பென்சிலால் கட்டளைகளை வட்டமிட்டு, எண்ணிக்கை பைட்டைப் படித்து, அடுத்த 1பி சரியாக அத்தனை பைட் தள்ளி வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். பிசகும் முதல் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பைட்தான் நீங்கள் தேடியது.